ஆறு ஆபீசர்களும் ஒரு ஜோடிக் காலும்

அந்த ஐந்து மாடி ஆபீசில் டீக்கார அக்காவுக்கு யாருடைய பெயரும் தெரியாது. குடிக்கிற டீயை வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்திருந்தாள். செக்‌ஷன் தலைவர் அரைச் சர்க்கரை. அவருக்குப் பக்கத்து மேஜை ஆறவச்சது. இன்னொருவர் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்தவர் டம்ளரில் பாதி வாங்கிக் குடிப்பார், அவர் ஓசி.

கீழ்த்தளத்தில் டீ போட்டு, இரண்டு பெரிய ஃப்ளாஸ்க்கையும் டம்ளர் தட்டையும் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு தடவை மாடி ஏறி இறங்க வேண்டும். லிஃப்ட் உண்டு. அதற்கு அட்டை காட்ட வேண்டும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அட்டை கிடையாது. நாற்காலியும் கிடையாது. கிடைத்தாலும் அவளால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் குறுகுறுத்துத் தானாக ஆடும், நின்றால் வீங்கும், நடந்தால் மூச்சு வாங்கும். மூன்றும் முறை வைத்து அவளை விரட்டின.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் முறை வந்தபோது டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். அடுத்த நாளும் லீவு என்றால் காண்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். யாராவது ஒருத்தர் தன்னை ஒரு தடவை பார்த்து, உனக்கு இன்னதுதான் என்று சொன்னால் போதும். அது போதும் என்றுதான் அவள் மனசு நாள் முழுக்க நச்சரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ‘நடந்தால் நலம்’ என்று ஆபீசில் ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு ஸ்டாஃபுக்கும் கையில் கட்ட ஒரு பட்டை. எத்தனை அடி நடந்தார், நெஞ்சு எவ்வளவு துடித்தது எல்லாவற்றையும் அது கீழே ஸ்டாஃபுக்கென்று இருக்கும் நர்ஸம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிடும். மாதம் முழுக்கத் தினமும் பத்தாயிரம் அடி நடந்தவர்களுக்குத் தலை முதல் கால் வரை இலவசச் சோதனை. சுவரெல்லாம் போஸ்டர்: படி ஏறுங்கள், ஆரோக்கியம் உங்கள் கையில். அதை ஒட்ட வந்தவர்கள் லிஃப்டில் ஏறி, லிஃப்டிலேயே இறங்கிப் போனார்கள்.

முதல் நாள் அரைச் சர்க்கரை வராந்தாவில் இரண்டு சுற்று நடந்தார். மூன்றாம் நாள் டீத் தட்டை மறித்தார்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. நீங்க எப்படியும் ஏறி இறங்குறீங்க. இதையும் கையில போட்டுக்கிட்டா என்ன, பெருசா கனக்கவா போகுது?"

"நான் நடந்தா உங்க தொப்பை கரையுமா சார்?"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க!"

ஒரு வாரத்தில் ஆறு பட்டை சேர்ந்துவிட்டது. இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று, மேலே முழுக்கைச் சட்டை. காலையில் வாங்கிக் கட்டுவாள், சாயங்காலம் கழற்றிக் கொடுப்பாள். கூலியாக ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட். ஓசி அதையும் கொடுக்கவில்லை.

வீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒருத்தரைக் கட்டிக்கிட்டு நீ பட்டது போதாதாம்மா? இப்ப ஆறு பேரைக் கட்டிக்கிட்டு நடக்குற!"

"இவங்களாவது பிஸ்கட் தர்றாங்கடி."

மகள் அம்மாவின் கணுக்காலில் விரலை அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் அப்படியே கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. "அந்தச் சோதனைக்கு உன்னையும் சேக்கச் சொல்லும்மா. வாயைத் திறந்து கேளு."

மறுநாள் கேட்டாள்.

"அது ஸ்டாஃபுக்கு மட்டும்க்கா. நீங்க லிஸ்ட்லயே வர மாட்டீங்க," என்றார் அரைச் சர்க்கரை. கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு நாலைந்து தடவை தொண்டையைச் செருமினார். பிறகு, "இன்னிக்கு எத்தனை அடி ஆச்சு?" என்றார்.

இருபத்தாறாம் நாள், பதினோரு மணி டீ. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு ஆட ஆரம்பித்தது. தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒரு டம்ளர்கூட உடையவில்லை. அந்த நிலையிலும் அதில் அவளுக்கு ஒரு திருப்தி. அப்படியே சுவரோடு சரிந்தாள். எழுந்துவிட வேண்டும், எழுந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. உடம்பு கேட்கவில்லை.

கீழே கம்ப்யூட்டரில் ஆறு கோடுகள் ஒன்றாகப் படுத்தன. அடி, ஆறு பேருக்கும் பூஜ்யம். துடிப்பு, ஆறு பேருக்கும் நூற்று நாற்பத்திரண்டு. நர்ஸம்மாவுக்கு வியர்த்துவிட்டது. போனை எடுத்தாள்.

"சார், நெஞ்சு வலிக்குதா? கீழ விழுந்துட்டீங்களா?"

"இல்லையேம்மா, டீக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்," என்றார் அரைச் சர்க்கரை. "இன்னிக்கு அக்காவைக் காணோம்."

ஆறவச்சதும் அதையே சொன்னார். மூன்றாவது ஆளும் டீயைப் பற்றியே புலம்பத் தொடங்கியதும் நர்ஸம்மா போனை அப்படியே போட்டுவிட்டுப் படியில் ஓடினாள்.

சத்தம் கேட்டு ஆறு பேரும் வந்து சேர்ந்தபோது அக்காவின் சட்டைக் கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. நர்ஸம்மா அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே காகிதம் மாதிரி வெளுப்பு.

"ரத்தமே இல்லாம எப்படிக்கா இத்தனை மாடி ஏறுறீங்க? எத்தனை நாளா இப்படி?"

"எனக்கென்னம்மா தெரியும். பட்டைதான எண்ணுது, அதைக் கேளுங்க."

நர்ஸம்மா நிமிர்ந்தாள். "இதெல்லாம் யாரோடது?"

ஓசி கூரையை ஆராய்ந்தார். ஆறவச்சது செருப்பைப் பார்த்தார். அவர்கள் நின்ற நிலையைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது. "கீழ கிடந்துச்சும்மா, நான்தான் எடுத்து..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல," என்றார் அரைச் சர்க்கரை. முகம் சிவந்திருந்தது. "மேல இருக்கிறது என்னோடது. நாங்கதான் கட்டிவிட்டோம்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் மேலிடத்துல ரிப்போர்ட் பண்ணவா? இல்ல, சோதனைக்கு, சம்பளத்தோட லீவுக்கு, லிஃப்ட் அட்டைக்கு இவங்களையும் லிஸ்ட்ல சேக்கணும்னு ஆறு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?"

"காண்ட்ராக்டர் ஒத்துக்கணுமே..."

"அவர் ஒத்துக்கிற வரைக்கும் டீ நீங்க போடுங்க."

கையெழுத்துப் போட்டார்கள். ஓசி பேனாவையும் அடுத்தவரிடம் வாங்கித்தான் போட்டார்.

கீழே நர்ஸம்மா அறைக் கட்டிலில் அக்காவைப் படுக்க வைத்து, சோதனைக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்தினாள். பக்கத்துச் சமையல் மூலையில் ஆறு ஆபீசர்களும் ஒரு பாத்திரத்தைச் சுற்றி நின்று, தூள் முதலிலா சர்க்கரை முதலிலா என்று மீட்டிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். தீய்ந்த வாடை வந்தது.

"சார், அடுப்பைக் குறைங்க! பால் பொங்குது!" என்று அக்கா முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"படுங்கக்கா. ஊசி கையில இருக்கு."

படுத்தாள். அடுத்த நொடி மறுபடி தலையைத் தூக்கினாள். "ரிசல்ட்டு எப்பம்மா?"

"நாளைக்கு."

"எனக்கு என்னன்னு நேர்லயே சொல்லிடுவீங்கல்ல? அவங்ககிட்ட சொல்லி அனுப்ப மாட்டீங்கல்ல?"

"உங்ககிட்டதான் சொல்வேன். இப்ப காலை ஆட்டாம கிடங்க."

"நான் எங்கம்மா ஆட்டுறேன்," என்றாள் அக்கா. "அது பாட்டுக்கு ஆடுது."