கௌசல்யா மனத்துக்குள் பேசியது

ஜெயந்தி போய்விட்ட செய்தியை எங்கள் வங்காளிச் சிநேகிதி மித்தாலிதான் போனில் சொன்னாள். காலை வேளை. பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அலமேலுதி, ஜெயந்திதி இல்லை" என்றாள், அக்கா என்பதற்குப் பெயரோடு வங்காளத்து 'தி'யை ஒட்டி, தன் அரைகுறைத் தமிழில். "இந்நேரத்துக்கு வீட்டுல எங்கடி இருப்பா? மார்க்கெட்டுக்குப் போயிருப்பா" என்றேன். மறுபக்கம் அழுகை வெடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கும் சேர்த்துப் பேசியவள் இப்படியா போவாள்? எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அழுகை அப்புறம் வந்தது.

நம் தமிழ்ச் சங்கத்து ஆட்களுக்கு ஜெயந்தியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த மலரைப் புரட்டும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராமநாதன் சாரின் மனைவி. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தவள். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம் என்றாலும் பிறந்தது, படித்தது, வாயாடக் கற்றது எல்லாம் கல்கத்தாவில்தான். தொண்ணூறுகளின் நடுவில் நான் பாங்கு மாற்றலில் மதுரையிலிருந்து வந்து அவளுக்கு எதிர் வீட்டில் இறங்கியபோது எனக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது.

வந்த முதல் வாரமே தண்ணீர்ச் சண்டை. குழாயில் காற்றுதான் வந்தது. வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி நான் தமிழில் பொரிந்து தள்ளினேன். பக்கத்தில் நின்று ஜெயந்தி ஒவ்வொன்றாக வங்காளத்தில் சொன்னாள். நான் திட்டத் திட்ட அந்த மனிதரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"ஏங்க, நான் பேசினதத்தானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தண்ணி வேணுமா, அவரு திட்டு வாங்கணுமா?" என்றாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. 'வாங்க போங்க' அந்த மாதத்துக்குள் 'வாடி போடி' ஆகிவிட்டது.

அப்போது எங்கள் தெருவில் நாலைந்து தமிழ் வீடுகளுக்காகவே கேபிள்காரர் ஒரு தமிழ் சேனலைச் சேர்த்துக் கொடுத்திருந்தார். சாயங்காலம் விளக்கேற்றினதும் ஜெயந்தி வீட்டுக் கூடத்தில் கூட்டம் கூடிவிடும். தமிழ்ப் பெண்கள் மட்டுமில்லை. மாஷிமா என்று நாங்கள் கூப்பிடும் மேல் மாடிப் பெரியம்மா, பக்கத்து வீட்டு பௌதிகள், அதாவது அண்ணிமார், இரண்டு பேர் என்று வங்காளிகளும் வந்து உட்காருவார்கள். தமிழ் தெரியாது என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஜெயந்தி இருக்கிறாளே! திரையில் ஆள் பேசி வாய் மூடுவதற்குள் அவள் வங்காளத்தில் சொல்லி முடித்துவிடுவாள். மாமியாருக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல். பெயர்கள்கூட மாறிப்போகும். கதிரேசன் அவள் வாயில் கார்த்திக் ஆகிவிடுவான். யாராவது கண்ணைத் துடைத்தால் விடமாட்டாள். "அவளுக்காவது அழறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நீ ஏண்டி ஓசியில அழறே?" என்பாள்.

அந்தத் தொடர் எது என்று நான் சொல்லவே வேண்டாம். கௌசல்யா அடி வாங்கிய தொடர் என்றால் உங்களுக்கெல்லாம் தெரியும். படித்த, நல்ல வேலையில் இருக்கிற புருஷன் கைநீட்டுகிறான். ஒரு நாள் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிடுகிறாள். திரும்பிப் போகலாமா, கூடாதா? அந்த வாரங்களில் கறிகாய்க் கடையிலும் கோயில் பிராகாரத்திலும் நம் ஆட்களுக்கு இதே பேச்சு. நான் 'போகக்கூடாது' கட்சி. என்னோடு பாங்கில் இருந்த ஒரு அம்மாள் போகத்தான் வேண்டும் என்றதற்காக அவளோடு ஒரு வாரம் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

எங்களுக்கு அது கதை. கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த மித்தாலிக்குக் கதை இல்லை. அவள் மாஷிமாவின் ஒரே மகள். பர்த்வானில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மணிக்கட்டில் கன்றிய தழும்போடு வந்து சேர்ந்திருந்தாள். புருஷன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாஷிமா விதவை. அனுப்பிவைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. மித்தாலி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தினமும் வந்து உட்கார்ந்து கௌசல்யாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அந்தக் காட்சி வந்தது. கௌசல்யாவின் மாமனார் காரில் வந்து இறங்கிக் குடும்ப மானம், ஊர்ப் பேச்சு, பொறுமை என்று நீட்டி முழக்கினார். ஜெயந்தி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அதை வங்காளத்தில் சொன்னாள். அடுத்து திரை முழுக்கக் கௌசல்யாவின் முகம். வயலின் இழுக்கிறது. கண்ணீர் வழிகிறது. வாய் திறக்கவில்லை.

"கீ போல்ச்சே?" என்றார் மாஷிமா. என்ன சொல்றா என்று கேட்கிறார்.

ஒன்றும் சொல்லவில்லையே என்று நான் நினைப்பதற்குள், "மோனே மோனே போல்ச்சே" என்றாள் ஜெயந்தி. மனசுக்குள்ளே பேசுகிறாளாம்! தொடர்களில் பாதிப் பேச்சு அப்படித்தான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜெயந்தி கௌசல்யாவின் குரலில் ஆரம்பித்தாள். "நான் வரேன். பயந்துகிட்டு வரலை. அந்த வீடு எனக்கும் வீடுதான்னு வரேன். என் ரூமுக்குச் சாவி என்கிட்ட இருக்கும். என் சம்பளம் என் கையில இருக்கும். இன்னொரு தடவை உங்க பிள்ளை கை ஓங்கினா, அன்னிக்கே போலீசுக்குப் போவேன். சம்மதம்னா கார்க் கதவைத் திறங்க. இல்லேன்னா வந்த வழியே போங்க." நேரம் பார்த்து அங்கே மாமனார் கார்க் கதவைத் திறந்தார். பௌதிகள் கைதட்டினார்கள்.

மாஷிமா மட்டும் விடவில்லை. "மனசுக்குள்ள சொன்னா அவருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"அந்த முகத்தைப் பார்த்தா தெரியாதா, மாஷிமா?" என்றாள் ஜெயந்தி.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாமா? அவ வாயே திறக்கலை!"

"திறக்கலை. அதான் நான் திறந்தேன்."

"அந்தப் பொண்ணு நெசம்னு நம்பி எதையாவது பண்ணிவச்சா? நாளைக்கு அவ நடுத்தெருவுல நின்னா நீயா பார்ப்பே?"

அவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மாட்டிக்கொண்டாள், பதில் இல்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் அவன் பெரியப்பாவும் இனிப்புப் பானையோடு வந்தார்கள். மாடியில் நடந்தது கீழே ஜெயந்தி வீட்டில் இருந்த எங்களுக்குக் கேட்டது. மித்தாலி சாவியைக் கேட்டாள். சம்பளம் இல்லாததால், வேலைக்குப் போக அனுமதி கேட்டாள். போலீஸ் என்ற வார்த்தையையும் சொன்னாள்.  பிறகு வந்த இருவரின் செருப்புச் சத்தம் மட்டும் படியில் இறங்கியது. கார்க் கதவைத் திறக்க அங்கே யாரும் இல்லை. பெரியப்பா கொண்டுவந்த பானையைத் திருப்பி எடுத்துக்கொண்டே போனார்.

அன்று மாஷிமா கீழே வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததை மறக்க முடியாது. "உன் சீரியல் என் பொண்ணு குடும்பத்தைக் கெடுத்துடுச்சு" என்றார். ஜெயந்தி அசையாமல் கேட்டுக்கொண்டாள். பொங்கலுக்கு அவள் அனுப்பிய சர்க்கரைப் பொங்கல் தொடாமல் திரும்பி வந்தது.  கொஞ்ச மாதத்தில் மித்தாலிக்கு அலிப்பூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தாள். மாஷிமா அதைக் கட்டிக்கொண்டு கீழே வந்து, கூடத்தில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, "கீ போல்ச்சே?" என்று கேட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்று நாங்கள் புரிந்துகொண்டோம்.

வருஷங்கள் ஓடிய பிறகு அதே தொடரை மறுபடி போட்டார்களே, அப்போது நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் நடந்த விவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "கௌசல்யாவை அனுப்பியது சரியா?" என்பதுதான் தலைப்பு. பழைய ரசிகைகள் இந்தத் தடவை தொடரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். போகத்தான் வேண்டும் என்று அன்று என்னோடு சண்டை போட்ட பாங்கு அம்மாள்கூட, "அடிச்சவன் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசாம போறாளே, என்ன எழுத்து இது?" என்று கொதித்தாள். என் கருத்து வேறு. அடி வாங்கிய பெண்ணின் முகத்தை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து காட்டியதே அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். காட்டிவிட்டுத் தொடரை எடுத்தவர்களே பயந்துபோனார்கள், அவ்வளவுதான்.

நான் எழுந்து இதைச் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து மித்தாலி எழுந்தாள். "பேசாம போகலை!" என்றாள். நம்மோடு பழகி அவளுக்குத் தமிழ் ஓரளவு வந்திருந்தது. சாவி, சம்பளம், போலீஸ், கார்க் கதவு என்று பாதி தமிழிலும் பாதி வங்காளத்திலுமாக மொத்தத்தையும் ஒப்பித்தாள். சபை கொல்லென்று சிரித்தது. "எந்தச் சேனல்லம்மா பார்த்தே?" என்று யாரோ கேட்டார்கள். நான் ஜெயந்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

ஜெயந்தி எழுந்து நின்றாள். "கௌசல்யா அதெல்லாம் சொல்லலை. நான்தான் சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்போ அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள் மித்தாலி.

"ஒண்ணும் சொல்லலைடி. அழுதுகிட்டே கார்ல ஏறினா."

மித்தாலி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கத்தப்போகிறாள் என்றுதான் பயந்தேன். "நல்லவேளை, எனக்கு அப்போ தமிழ் தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, மொழிபெயர்ப்பு என்றால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், இது மோசடி என்றார். "மோசடிதான் சார்" என்று ஜெயந்தி ஒப்புக்கொண்டாள். "ஆனா எதிர்ல யாரு உக்காந்திருக்காங்கன்னு பார்த்துத்தான் நான் பேசுவேன்."

இவ்வளவையும் நான் அறிவேன். அறியாதது ஒன்று இருந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் ராமநாதன் சாரைப் பார்க்கப் போயிருந்தேன். மித்தாலி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். சின்ன அறையில் கிடந்த ஒற்றைக் கட்டிலைக் காட்டி, யாருக்கு சார் இது, ஒருத்தரும் இதில் படுத்து நான் பார்த்ததில்லையே என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மித்தாலிக்குத்தான். அந்த சீரியல் சமயத்துல வாங்கினது. நாளைக்கு கௌசல்யா கார்ல ஏறப்போறான்னு முதல் நாளே முன்னோட்டத்துல காட்டிட்டான். அன்னிக்கே என் கேரம் போர்டு, ரேடியோ எல்லாத்தையும் வெளியில தூக்கிப்போட்டு ரூமை ஒழிச்சுட்டா. கட்டில், மெத்தை, தலையணை எல்லாம் வந்தாச்சு. யாரு வராங்கன்னு கேட்டேன். 'நான் நாளைக்கு ஒண்ணு சொல்லப்போறேன். அதுனால அந்தப் பொண்ணுக்கு வீடு இல்லாம போனா இங்க வரட்டும். அப்படி ஆகலேன்னா, நமக்கு ஒரு ரூம் சுத்தமாச்சு'ன்னா."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாஷிமா மகளைக் கைவிடவில்லை. அதனால் அந்தக் கட்டிலுக்கு வேலை வரவில்லை. ஜெயந்தியும் அதைப் பற்றி என்னிடம்கூட மூச்சு விடவில்லை. வாயாடி, பொய்க்காரி, என் அருமை ஜெயந்தி!

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். இப்போதெல்லாம் யாராவது பெண்ணிடம் "தைரியமா வெளியே வாடி" என்று சொல்ல வாய் எழும்போது, அவளுக்காக என் வீட்டில் ஓர் அறை ஒழித்திருக்கிறேனா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். பல நாள் இல்லை என்றுதான் பதில் வருகிறது. போன வாரம் ஒரு நாள், எழுந்து போய் ஒழித்தேன்.