சித்தியின் காரில் ஒரு மஞ்சள் விளக்கு

என் சித்திக்குத் திரைச்சீலை தைப்பதுதான் தொழில். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பார். எவ்வளவு துணி ஆகும் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். பல வருஷம் இன்னொருவர் கடையில் தைத்தவர், ஒருநாள் வீட்டு முன்னறையில் சொந்த மெஷினைப் போட்டு உட்கார்ந்தார். தைப்பது, கொண்டுபோவது, மாட்டிக் கொடுப்பது எல்லாம் அவரேதான். திரைச்சீலை மாட்டும் நீளக் கம்பிகளோடு வாடகை வண்டிக்குக் கை காட்டினால் எவனும் நிற்பதில்லை. அதனால் தலை நரைக்கத் தொடங்கிய வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ரிவர்ஸ் எடுப்பதில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாவதில் தேறி, ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய அன்று அதன் மேல் உட்கார்ந்த தூசியைக்கூட முந்தானையால்தான் தட்டினார்.

அந்தக் காரைத்தான் சனிக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு நாள் சும்மா நிறுத்தினால் போதும், மறுநாள் பேட்டரி செத்துக் கிடக்கும். போதாக்குறைக்கு, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குட்டி மஞ்சள் விளக்கு. காரோடு வந்த கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முன்சீட்டை மடக்கி அதன்மேல் கம்பிகளைக் கிடத்துவதால் சித்தப்பா எப்போதும் சித்திக்கு நேர் பின்னால்தான் உட்காருவார். அங்கிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, எரியுது பாரு, எரியுது பாரு" என்று கத்துவார். கத்தக் கத்த அது இன்னும் நன்றாக எரியும். தனியாக ஓட்டும்போது ஒருநாளும் எரிவதில்லை என்று சித்தி சொன்னால் யாரும் நம்பவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தபோதும் எரியவில்லை. சித்தப்பா பயபக்தியோடு கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மொத்த ஒயரையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். சித்தப்பா உடனே காரை வாங்கித் தந்த புரோக்கருக்குப் போன் போட்டார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக அவரும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தி என்னைக் கூப்பிட்டார். எனக்குக் கார் என்றால் பைத்தியம், கையில் ஒரு மல்டிமீட்டரும் உண்டு. பேட்டரியில் மீட்டரை மாட்டிக்கொண்டு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். கசியும் கரண்டைக் காட்டும் எண் அசையவே இல்லை. அப்படியென்றால் கரண்ட் ஃப்யூஸ் பெட்டி வழியாகப் போகவில்லை. யாரோ பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள்.

பேட்டரியருகே பார்த்தால், டேப் உரிந்து அலங்கோலமாக ஓர் ஒயர் தொங்கியது. திருடன் அகப்பட்டான் என்று நாங்கள் இருவரும் அதன் மேல் பாய்ந்தோம். சாயங்காலத்தில் பாதி அதிலேயே போனது. அது பம்பருக்கு அடியில் எதிலும் சேராமல் முடிந்தது. கழற்றினோம். மீட்டரில் அதே எண்.

நான் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். சித்தி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பக்கத்திலேயே ஓடிய இன்னொரு கறுப்பு ஒயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரற்கடைக்கு விரற்கடை மெழுகு நூலால் கட்டி, அவ்வளவு அழகாக ஓடியது அது. கம்பெனி வேலை என்று நாங்கள் அதைத் தொடக்கூட இல்லை.

"இது மெஷின் முடிச்சு இல்ல" என்றார் சித்தி. "இங்க பாரு, ஒவ்வொண்ணும் இடது பக்கமா இழுத்திருக்கு. யாரோ உக்காந்து கையால கட்டியிருக்காங்க. நம்ம ரெண்டு பேரும் அழகா இருக்குன்னு ஏமாந்துட்டோம்."

அதைக் கழற்றினேன். எண் சரசரவென்று கீழே இறங்கியது.

வாசலில் நின்ற சித்தப்பா, வெட்டி எறி, தொல்லை விட்டது என்றார்.

"எங்க போகுதுன்னே தெரியாம எப்படிங்க வெட்டுறது? பிரேக்குக்குப் போச்சுன்னா நீங்களா குதிச்சு வண்டிய நிறுத்துவீங்க?" என்றார் சித்தி.

பழைய தையலைப் பிரிப்பது போலத்தான் அவர் அந்த ஒயரைப் பின்தொடர்ந்தார். வெடுக்கென்று இழுக்கவில்லை. முடிச்சைத் தடவித் தடவி, கதவோரமாக, தரைவிரிப்புக்கு அடியில், பின்சீட்டு வரை போனார். இடையில் பிரிந்த ஒரு கிளை மஞ்சள் விளக்குக்குத் திரும்பியது. மற்றது சித்தப்பா உட்காரும் இடத்தின் பக்கவாட்டில், துணிக்குப் பின்னால், தீப்பெட்டி அளவு ஒரு பெட்டியில் முடிந்தது. அதில் ஊசிமுனை அளவு ஓட்டை. நான் ஒயரை மறுபடி மாட்டிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

சித்தி அந்த ஓட்டையில் இருந்த தூசியை ஊதினார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

மறுபடி ஊதச் சொன்னேன். மறுபடி எரிந்தது. அது ஒரு மைக். முன்னாலிருந்து நான் பேசியதற்கு எரியவில்லை, பக்கத்துச் சத்தம்தான் அதற்குக் கேட்கும்.

சித்தப்பாவை உள்ளே ஏற்றி உட்காரவைத்து ஏதாவது பேசச் சொன்னோம். எப்போதும் வாய் ஓயாத மனுஷர், என்ன பேசுவது என்று திணறினார். பிறகு, "என்ன பேசணும்?" என்றார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. சித்தி சிரித்த சிரிப்பில் அது அணையவே இல்லை.

ஆனால் யார், எதற்காக இதை வைத்தார்கள்? அந்தப் பக்கத்துக் கதவுக் கண்ணாடியின் கீழோரத்தில் பாதி சுரண்டிய வாத்துப் படம் ஒன்று ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். சீட்டில் உட்கார்ந்த ஒரு சின்னக் குழந்தையின் கை எட்டுகிற உயரம் அது. சித்தி புரோக்கருக்குப் போன் செய்து, முன்னால் இந்தக் காரை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார்.

"அவரா? காது சுத்தமா கேக்காதும்மா அவருக்கு. கையாலயே பேரம் பேசி என்னை மடக்கிட்டாரு. ஒத்தப் பொண்ணு. அது பள்ளிக்கூடம் போற அளவுக்கு வளந்துடுச்சு, பெரிய வண்டி வேணும்னு இதைக் கொடுத்தாரு."

போனை வைத்துவிட்டுச் சித்தி பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நேர் பின்னால் இருக்கும் குழந்தை அழுதால் அந்த அப்பாவுக்குக் கேட்காது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. விளக்கு மட்டும்தான் சொல்லும். ஒரு முடிச்சுகூடத் தளராமல் ஏன் கட்டியிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விளக்கு அணைந்தே இருந்தது.

சித்தி கத்தரிக்கோலை எடுத்தார். பேட்டரிப் பக்கம் இருந்த முனையில் மட்டும் அளவாக வெட்டி, சாவி போட்டால்தான் கரண்ட் வரும் ஒயரில் அதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அந்த இடத்தில் தன் பையிலிருந்த நூலை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டார். அதுவும் இடது பக்கமாக.

மறுநாள் காலை புரோக்கர் வந்தார். இரவு முழுக்கச் சும்மா நின்ற கார், சாவியைத் திருப்பியதும் உறுமியது. சித்தி அவரை வாசலிலேயே வழியனுப்பிவிட்டு, கம்பிகளை முன்சீட்டில் கிடத்திக்கொண்டு, சித்தப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். கம்பிகளுக்குப் பக்கத்தில், பின்சீட்டின் மூலையில் நானும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

கம்பிகள் கடகடவென்று ஆடுகிற சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. சித்தப்பா அதைப் பற்றிக் கவலைப்படாமல் வழி சொல்லிக்கொண்டே வந்தார். பெரிய திருப்பம் தாண்டியதும் சந்தேகம் வந்து முன்னால் குனிந்தார்.

"நான் சொன்னது கேட்டுச்சா?"

சித்தி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எரிஞ்சுதுங்க."