நீர்ப்பூனை

நாவிதன்வெளியில் வயலுக்குத் தண்ணீர் பார்த்துவிட்டு வரும்போது, மதகடியில் நீர்நாய் ஒன்று வாகனம் அடித்துச் செத்துக் கிடந்தது. பக்கத்தில் அதன் குட்டி. தாயின் வயிற்றை முட்டி முட்டிப் பால் தேடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அடித்தவன் ஒருக்கால் இறங்கிப் பார்த்திருக்கக் கூடாதா?

வனவிலங்கு அலுவலகத்துக்கு அழைத்தேன். பாதையில் வெள்ளம், காலையில்தான் வரலாம் என்றார் உத்தியோகத்தர். மாட்டுப்பால் கொடுக்க வேண்டாம், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைக் கரைத்துத் துளித்துளியாக விடுங்கள் என்று சொல்லித் தந்தார். உடம்பு குளிர்ந்தால் விடியும்வரை தாங்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

சாய்ந்தமருதில் நான் இருப்பது மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே அங்கே சட்டம் மனைவியின் உம்மா, என் மாமியுடையது. குட்டியை ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். பெட்டிக்குள் என்ன என்று மாமி கேட்டார். நீர்நாய்க்குட்டி என்று சொல்லிவிட்டேன். வேறு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"நாயா? தொழுற ஊட்டுக்குள்ள நாயக் கொண்டு வாறதா மகன்?"

நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். பேரில் மட்டும்தான் நாய் என்று நானும் மனைவியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். மாமி அசையவில்லை. பெட்டி வெளிச் சார்ப்புக்குப் போனது. அங்கே சாரல் அடித்தது. குட்டி விசிலடிப்பது போலக் கத்தியது. அந்தச் சத்தம் போகப்போகக் குறைந்து வந்தது. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும், குட்டியைத் தூக்கிக்கொண்டு என் உம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். மாமி கோபித்தால் கோபிக்கட்டும்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தால் சார்ப்பில் பெட்டியைக் காணவில்லை.

உள்ளே ஓடினேன். மாமி தன் பழைய சீலையில் குட்டியைச் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தல். மனைவி சிரிஞ்சியால் ஜீவனி விட, அது கண்ணை மூடிக்கொண்டு சப்பிக் குடித்தது. நான் வாயைத் திறக்குமுன் மாமி முந்திக்கொண்டார்.

"மீசையப் பாருங்க மகன். இது நாயில்ல, நீர்ப்பூனை. உம்மா இல்லாத புள்ளயப் போய் நாயெண்டு சொல்றீங்களே."

பூனை என்றால் எங்கள் வீடுகளில் கட்டிலிலேயே படுக்கலாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓம் மாமி என்றேன். அன்றிரவு மூவரும் மாறி மாறி விழித்திருந்து குட்டியைப் பார்த்துக்கொண்டோம். காலையில் வனவிலங்கு அலுவலகத்தார் வந்து கொண்டுபோனார்கள். அதன் பிறகு மாமி நாள் தவறாமல் விடியலில் சுபஹ் தொழுதெழும்பியதும் என்னிடம் கேட்பார், தகவல் ஏதும் வந்ததா என்று. வரவில்லை என்று சொல்ல எனக்கே பயமாக இருந்தது.

போன வாரம் உத்தியோகத்தர் அழைத்தார். மாமிக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். உங்கள் நீர்நாய் என்று அவர் தொடங்கியதும் மாமியின் முகம் மாறியது. ஸேர், அதை நீர்ப்பூனை என்று சொல்லுங்கள், மாமி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன். அந்த மனிசன் சிரித்துவிட்டு அப்படியே சொன்னார். குட்டி இப்போது தானாக மீன் பிடிக்கிறதாம். தாயில்லாத இன்னொரு குட்டியும் அங்கே வந்திருக்கிறதாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்துதான் தூங்குமாம். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் சோடியாக ஆற்றில் விடப்போகிறார்களாம்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. மாமி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப தனிய இல்ல."