ஈர்க்கு அளவில் வாங்கிய செருப்பு

என் வலது காலின் கட்டைவிரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்து விரல் இடமில்லாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பிறந்தபோது அப்படி இல்லை. எல்லாம் செருப்பு செய்த வேலை. போன மழைக்காலத்தில் அந்த மேல்விரலில், செருப்பு உரசும் இடத்தில், புண் வந்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. செகந்திராபாத்தில் நான் காட்டும் டாக்டரம்மா என் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். கூச்சத்தில் புடவையை இழுத்து இழுத்து மூடினேன்.

“மூடாதீங்கம்மா, பாக்கணும். இது ஆறலைன்னா விரலையே எடுக்க வேண்டி வரும். முன்பக்கம் அகலமா ஒரு ஷூ வாங்குங்க. வெறுங்காலும் வேண்டாம், இந்த ஊசிமூஞ்சியும் வேண்டாம்.”

ஊசிமூஞ்சி என்றது ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்கு, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பை. பொருத்தமான பெயர்தான்.

எங்கள் வீட்டில் பெண்கள் செருப்புக் கடைக்குப் போனதில்லை. வயசுக்கு வந்த பெண் கடைக்காரன் முன்னால் காலை நீட்டி உட்காருவதாவது! அப்பா துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, என் குதிகாலிலிருந்து விரல் நுனிவரை வைத்துப் பார்த்து ஒடித்து, சட்டைப்பையில் செருகிக்கொண்டு கடைவீதிக்குப் போவார். கடையில் அந்தக் குச்சியைச் செருப்புக்குள் விட்டுப் பார்ப்பார். சுகமாக உள்ளே போகும். குச்சிக்கு அகலம் ஏது, ஐந்து விரல் ஏது? குச்சிக்குப் பொருந்திய செருப்பை நான் போட்டுக்கொண்டு நடந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் குச்சி ஒடித்தார். அம்மா, அக்கா, சித்தி எல்லாருக்கும் இதே கதைதான்; எல்லார் காலும் ஒரே மாதிரி கோணல். பரம்பரை என்று வேறு சொல்லிக்கொண்டோம்.

முன்னால் கூர், பின்னால் குதிகால் உயரம். இங்கே ராணுவப் பாளையத்தில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானிகள் விட்டுப்போன மோஸ்தர் அது. அவர்கள் கப்பலேறிப் போனார்கள், செருப்பு எங்களோடு தங்கிவிட்டது. அந்தக் குதிகால் ஆதியில் குதிரைச் சவாரிக்காரர்களுக்கு, அங்கவடியில் கால் நழுவாமலிருக்கச் செய்ததாம். மகன் போனில் பார்த்துச் சொன்னான். நான் ஏறியது குதிரையா? சிட்டி பஸ். இன்னொன்றும் படித்தான்: வெகு காலம் இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே அச்சில்தான் செய்தார்களாம். ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கிறவனாவது சட்டைக்கு இடக்கை, வலக்கை பார்த்து வைக்கிறான்.

இவ்வளவும் படித்துச் சொன்ன மகனே மாதாப்பூர் ஆபீஸில் உட்கார்ந்தபடி எனக்கு ஷூ வரவழைத்தான்.

“அஞ்சாம் நம்பர்தானேம்மா?”

அந்த நம்பரும் நீளத்துக்குத்தான். அவன் குச்சியைப் போனில் ஒடித்தான், அவ்வளவுதான்.

“கால் வலிக்காரங்களுக்குன்னே செய்யுறதும்மா. அமுக்கிப் பாரு, உள்ளே எவ்வளவு பஞ்சு!”

அமுக்கிப் பார்த்தேன். இடம் போதவில்லை என்கிற காலுக்கு, இருக்கிற இடத்திலும் பஞ்சை அடைத்து அனுப்புகிற புத்தியை என்னவென்று சொல்வது! இரண்டு நாள் போட்டேன். புண் மறுபடி கசிந்தது.

அதற்கு மேல் கூச்சம் பார்த்தால் விரல் போய்விடும். மருமகளைக் கூட்டிக்கொண்டு நானே கடைக்குப் போனேன். ஆண்கள் நடமாடுகிற இடத்தில், அந்தக் கோணல் காலை முதல்முதலாக நீட்டினேன். முகம் சுட்டது. கடைக்காரர் அடுக்கடுக்காய் எடுத்துப் போட்டார். ஒன்றில் பூ, ஒன்றில் மினுக்கு, எல்லாம் முன்னால் கூர்.

“ரெண்டு ரோஜுலு வேஸ்குண்டே லூஸ் அவுதுந்தம்மா,” என்றார். இரண்டு நாள் போட்டால் தளர்ந்துவிடுமாம். அறுபது வருஷம் போட்டேன். தளர்ந்தது நான்தான்.

“நக்கோ, வேண்டாம்,” என்றேன். “ஜென்ட்ஸ்ல காட்டுங்க.”

மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். “அத்தை! ஆம்பளை ஷூவா? சபையில என்ன சொல்வாங்க?”

“அவங்க விரலாம்மா போகப்போகுது?”

கறுப்பு ஷூ, கப்பல் மாதிரி. ஐந்து விரலும் உள்ளே போய் அகன்று படுத்தன. ஆம்பளைகளுக்கு மட்டும் ஐந்து விரல் உண்டென்று இத்தனை காலம் செய்து விற்றிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

“என்னக்கா, மகன் ஷூவை மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களா?”

பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் உள்ளே போய் என் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிரசங்கம் நீளத் தொடங்கியதும் குனிந்து பார்த்தேன். பெஞ்சுக்கடியில் அந்தச் சிரித்த கால்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு விரலை விரித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. ஆசீர்வாதம் சொல்லும்போது ஆளாளுக்குக் காலால் துழாவினார்கள். என் பக்கத்துப் பெண் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புண் காய்ந்து பொருக்கு உதிர்ந்தது. டாக்டரம்மா விரலைத் தட்டிப் பார்த்து, “இது இனி உங்களோடயே இருக்கும்,” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஊசிமூஞ்சியைத் துடைத்து எடுத்து வைத்தாள். “நல்லாத்தானே இருக்கு, யாருக்காச்சும் கொடுத்துடலாம் அத்தை.”

யாருக்கு? கத்தரிக்கோலை எடுத்து இரண்டின் வாரையும் வெட்டி, குப்பை வண்டி வந்ததும் நானே கொண்டுபோய்ப் போட்டேன்.