சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஸ்ட்ரோல்

வெளிநாட்டுக்காரர்களோடு பேச எங்களை லாயக்காக்குவதற்காக, மாதாப்பூரில் இருந்த எங்கள் கம்பெனி இங்கிலீஷ் வகுப்பு நடத்தியது. 'ஸ்ட்ரோல்' என்ற சொல்லை அங்கேதான் கற்றேன். பஸ்ஸைப் பிடிக்க நடப்பது ஸ்ட்ரோல் இல்லை, உடம்பைக் குறைக்க நடப்பதும் இல்லை. போய்ச் சேர வேண்டிய இடமும் அவசரமும் இல்லாமல் நடந்தால்தான் ஸ்ட்ரோல் என்றார் டீச்சர். 'காலாற நடக்கிறது' என்று நோட்டில் எழுதினேன். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளும் திருநெல்வேலிக்காரி. டீமில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

அதுவே வினைச்சொல், கூட ஒரு 'பண்ண' வேண்டாம் என்று டீச்சர் தலைபாடாகச் சொல்லியும், தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் ஸ்ட்ரோல் பண்ணினோம். கட்டடத்தை இரண்டு சுற்று. எதிரே வருகிறவர்களுக்குத் தெலுங்கும் இந்தியும்தான் தெரியும் என்ற தைரியத்தில், மேனேஜரைத் தாண்டும்போதே அவர் தொப்பையைப் பற்றிப் பேசுவோம். தமிழில் சொன்னால் ரகசியம் பத்திரம் என்று நம்பிய மடச்சி நான்.

டீமிலிருந்து ஒருவரை மூன்று மாதம் லண்டனுக்கு அனுப்ப இருந்தார்கள். என் பெயர்தான் முதலில், அடுத்தது அவள். இரண்டு வருஷம் அதற்காகவே உழைத்திருந்தேன். அந்த வாரம்தான் நான் உண்டாகியிருப்பது உறுதியானது. விமானத்தில் போகலாம், பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமயம் பார்த்து மேனேஜரிடம் நானே சொல்வதாக இருந்தேன். கணவருக்கு அடுத்தபடி அவளிடம் மட்டும், நடந்துகொண்டே சொன்னேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்ட்டி."

இரண்டாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னார். இந்த நிலைமையில் என்னை அலைக்கழிக்க மனசு வரவில்லையாம், அவளை அனுப்புகிறாராம். நேரே அவள் சீட்டுக்குப் போனேன்.

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அங்க ஒத்தையில என்ன பண்ணுவ?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கி ஒன்று விடாமல் திரும்பியதற்கு இன்றும் வருத்தப்படுகிறேன்.

அம்மாவிடம், கரு தங்கி மூன்று மாதம் முடிந்ததும் ஊருக்குப் போய் நேரில் சொல்ல நினைத்திருந்தேன். அன்று சாயங்காலமே போனில் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் அழுதாள்.

"முதல்ல என்ட்டதான சொல்லுத?" என்றாள்.

ஆமாம் என்றேன்.