ஐந்து முகங்கள் வரைந்த தாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு யாராவது கையில் பைலோடு வந்தால் கூரைத் தகரம் வரப்போகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தகரம் வராது. ஆனாலும் அர்த்தம் அதுதான். வீடு, தண்ணீர்க் குழாய், பிள்ளைகளுக்குப் புத்தகப் பை என்று எதற்காவது பேர் எழுதிக்கொண்டு போவார்கள். எழுதுகிறவரிடம் எதைக் கூட்டிச் சொல்ல வேண்டும், எதைக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பது ஸ்பிரிங்வெளி லயத்தின் வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த அக்கா எதற்கும் பேர் எழுத வரவில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறவர். அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிற பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள், மனதில் என்ன நினைக்கிறார்கள் என்று ஆராய வந்திருந்தார். பிள்ளைகளின் மனதில் இருப்பதைக் கேட்க ஒருவர் பதுளையிலிருந்து பஸ் ஏறி வருவார் என்பதை எங்கள் லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் நாளை கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று நான் வந்து சொன்னதும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அம்மா குவைத்துக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். மாதம் ஒருமுறை வருவார். அப்பாவின் அக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். அவள் நல்லவள், ஆனால் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வர ஐந்து மணியாகிவிடும். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கே விட்டுவிடும். இடையில் இருக்கிற அந்த மூன்றரை மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு தாய் தன் மகளைத் திட்டுவது கேட்கும். சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். திட்டு வாங்குகிற அந்தப் பிள்ளைமேல் எனக்கு அவ்வளவு பொறாமை.

அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“போன வருசம் கீழ் லயத்துல ஒருத்திய இப்பிடித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க. புள்ள அழுவுதுன்னு யாரோ எழுதிக் குடுத்து, அவள வெளிநாடு போகவிடாம நிப்பாட்டிப்புட்டாங்க. நீ எதையாச்சும் ஒளறிவச்சு ஒங்கம்மாவ திருப்பி அனுப்பிரப் போறாங்க. என்னா கேட்டாலும் நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லு. வெளங்குதா?”

நன்றாக விளங்கியது. பெட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திறக்காதே என்று சொன்னது போல இருந்தது. பிள்ளை அழுதால் அம்மாவைத் திருப்பி அனுப்புவார்கள்! இப்படி ஒரு வழி இருப்பதை ஒரு வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று அத்தைமேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஆமாம் என்பதற்கு அவர் “ஓம்” என்று சொன்னபோதெல்லாம் வெளியே வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. அதில் ஐந்து வட்ட முகங்கள்: முதல் முகம் வாயெல்லாம் சிரிப்பு, கடைசி முகம் கண்ணீர். கேள்வியைக் கேட்டதும் நான் ஒரு முகத்தைத் தொட வேண்டும்.

“பயப்பிடாதீங்கோ. இதிலை சரி, பிழை எண்டு ஒண்டும் இல்லை. உங்கட பேரும் எழுத மாட்டன். ஆர் சொன்னதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார்.

சரி, பிழை இல்லாத கேள்வியை நான் அதுவரை பார்த்ததில்லை; அதனால் நம்பவில்லை. ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லப்பட்டவை லயம் முழுக்கத் தெரிந்துபோனதை நிறையப் பார்த்திருந்தேன்; அதனால் அதையும் நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும்போது எப்படி இருக்கும்? கடைசி முகத்தைத் தொட்டேன். படிக்கும்போது? கடைசி முகம். விளையாடும்போது? கடைசி முகம். அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கேக் சாப்பிடும்போது என்று கேட்டிருந்தாலும் அழுகிற முகத்தைத்தான் தொட்டிருப்பேன்.

கடைசியாக, அம்மாவிடம் ஏதாவது சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

“இப்பவே வரச் சொல்லுங்க” என்றேன். சொல்லும்போது உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக நடிக்க வருகிறதே என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை. அது நடிப்பில்லை என்று புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டு என் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பென்சிலும் அழிறப்பரும் கொடுத்து அனுப்பினார்.

“என்னா சொன்ன?” என்று அத்தை கேட்டாள்.

“நல்லா இருக்கேன்னு சொன்னேன்.”

ஒரே நாளில் இரண்டு பொய். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் பாதர் என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். கேட்க ஆளில்லாமல் அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அம்மா வந்தாள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று சொல்வார்கள். எங்கள் மலையில் பனை இல்லை, எனக்கும் அப்போது அந்தப் பழமொழி தெரியாது. வேலை செய்த வீட்டின் மாடிப்படியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது கை முறிந்திருந்தது. வேலை செய்ய முடியாதவளை அவர்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் தொங்கிய துணிக்குள் கையை வைத்தபடி, பாதி உடம்பாக, லயத்துப் படியில் ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் நல்ல கையை நீட்டினாள். நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“யாரு வாய் பட்டுச்சோ, நல்லாப் போன புள்ள இப்பிடி வந்து நிக்கிதே” என்று அத்தை அழுதாள். யார் வாய் என்று எனக்குத் தெரியும். நான் திருப்பி அனுப்பச் சொன்னேன், அவர்கள் கையை முறித்து அனுப்பியிருக்கிறார்கள். பேர் எழுதாத ஒரு தாள் குவைத் வரை போகாது என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை, நானும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

அம்மாவோடு ஒரே அறையில் இருந்த அந்த எட்டு மாதங்கள், அவள் இல்லாத வருஷத்தைவிட எனக்குத் தனிமையாக இருந்தன. இடது கையால் தலைசீவ வருவாள். அத்தை சீவட்டும் என்று எழுந்துவிடுவேன். பக்கத்தில் படு என்பாள். சுவர் ஓரமாகப் போய்ப் படுப்பேன். கிட்டப் போனால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், சொன்னால் என்னை வெறுத்துவிடுவாள் என்று பயம். ஒரு வருஷமாக யாருக்காக ஏங்கினேனோ அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள், என்னால் தொட முடியவில்லை. ஒருநாள் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அத்தையிடம் சொன்னாள்: “புள்ளைக்கு என்னையப் புடிக்கல அண்ணி.” அது இல்லை அம்மா என்று எழுந்து கத்தியிருக்கலாம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன்.

இப்போது நான் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் உளவியல் பாடம் இருந்தது. ஒன்றைச் செய்ததும் இன்னொன்று நடந்துவிட்டால், முதலாவதுதான் இரண்டாவதை நடத்தியது என்று குழந்தை நம்பிவிடும் என்றார்கள். அதற்கொரு பெயரும் சொல்லித்தந்தார்கள். பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன். பெயர் தெரிந்ததால் மனம் ஆறிவிடவில்லை.

கை ஒருவழியாகச் சரியானதும் அம்மா மறுபடி போவதற்குப் பேர் கொடுத்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், என்முன்னால் வந்து குந்தினாள்.

“பாப்பா, அம்மா போகட்டுமா?”

வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. அப்படி ஒரு சொல்லால்தான் போன தடவை ஒரு கை முறிந்தது. இந்தத் தடவை அவளைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அத்தை அன்று சொல்லித்தந்தது போலவே, சிரித்த முகத்தோடு சொன்னேன்.

“போயிட்டு வாங்கம்மா. நான் நல்லா இருக்கேன்.”

அம்மா என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து பையில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேனா என்று பார்க்கத்தான் அவள் வந்து குந்தினாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.