கவுன்சில்காரிக்குக் காட்டிய அறை

செல்வமலரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் லண்டனில் இல்லை. என் மனைவி சந்திரவதனாவின் சித்தி மகள் அவள். என் வீட்டில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவள். என்னை அத்தான் என்று கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான்.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுபத்து மூன்றில் இந்த நாட்டுக்கு வந்து, ஹோட்டல் குசினியில் சட்டி கழுவி, எண்பத்தொன்றில் மனோர் பார்க்கில் நாலு அறை வீடு வாங்கினேன். பிறகு சொந்தமாக ஒரு கடையும் போட்டேன். எங்கள் தெருவில் முதல் தமிழ் வீடு என்னுடையதுதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களில் எத்தனையோ பேர் என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் வேலை தேடப் போனார்கள். பெரிய படிப்புப் படித்த எஞ்சினியர்மார் கையில் கோப்பையோடு என் குசினியில் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

செல்வமலர் எண்பத்தெட்டுக் கடைசியில் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தாள். அவளுடைய புருஷன் பாலேந்திரா முன்பே வந்து என் கடையில் வேலைக்கு நின்றவன். இவள் வந்த நாலாம் மாதம் கனடாவுக்கு என்று, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு போனான். பிறகு ஒரு கடிதமும் இல்லை. இவள் அழுததை நான் காணவில்லை. விடிய ஐந்து மணிக்கு எழும்பி வீட்டில் எல்லோருக்கும் சமைப்பாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள், பிறகு தையல் தொழிற்சாலைக்குப் போவாள். மூன்று பேரும் படுத்தது மேலே இருந்த சின்ன அறையில். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். பிள்ளைகள் கட்டிலில், இவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் பாயில். காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். அவள் குறை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு என் மகனுக்குச் சிங்கப்பூரில் பெண் சரிவந்தது. முன் அறை மணமக்களுக்கு. மருமகளின் பெட்டிகளையும் அலுமாரியையும் வைக்கச் சின்ன அறை தேவைப்பட்டது.

"மலர், ஆவணிக்கு முன்னம் ஒரு இடம் பார்," என்றேன்.

"எங்கை அத்தான் போறது?"

"வீடில்லாத ஆக்களுக்கு வீடு குடுக்கக் கவுன்சில் இருக்குத்தானே. ரெண்டு குமர் வளர்க்கிறாய். வெள்ளைக்காரன் பிள்ளையளை றோட்டிலை விடமாட்டான்."

இல்ஃபோர்ட்டில் அகதிகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் குருமூர்த்தியிடம் அவளை அனுப்பினேன். அவன் அவளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தங்கச்சி, கவுன்சில் மூண்டு விஷயம் பாக்கும். உமக்கு இருக்க இடமில்லை எண்டு அவைக்குத் தெரியவேணும். பிள்ளையள் உம்மோடை இருக்கவேணும். நீராக வீட்டை விட்டிட்டு வந்தனீர் எண்டு வரக்கூடாது. அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பினான். "அண்ணை, வீட்டைப் பாக்க ஆள் வரும். அந்தச் சின்ன அறையைக் காட்டுங்கோ. விரிச்ச பாயைச் சுருட்டாதேங்கோ. ஆவணிக்கு முன்னம் போகச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ."

"எனக்கு வகுப்பெடுக்கிறியோ? நான் வந்து பதினேழு வருஷம்," என்றேன்.

"பதினேழு வருஷமா வீடில்லாமல் இருந்தனீங்களோ அண்ணை?" என்று சிரித்தான். வாய் கூடிய பெடியன்.

ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? சந்திரவதனா விடியவே உழுந்து அரைத்து வடை சுட்டாள். செல்வமலர் படி முழுவதையும் துடைத்தாள். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியதும் அவள்தான், உடுப்புப் பைகளைக் கராஜில் கொண்டுபோய் வைத்ததும் அவள்தான். யாரும் சொல்லவில்லை. கைப்பழக்கம். நான் கோட் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

வந்தவள் இளம் வெள்ளைக்காரி. கையில் ஒரு பைல். கீழே எல்லாம் பார்த்தாள். நல்ல வீடு என்றாள். மேலே ஏறி, இவர்கள் படுப்பது எந்த அறையில் என்று கேட்டாள்.

சின்ன அறைக் கதவு என் தோளோடு இருந்தது. மூன்று உயிர் படுக்கும் அந்தப் பொந்தை ஒரு வெள்ளைக்காரி பார்த்து, இந்தக் கணேசலிங்கம் தன் சனத்தை வைத்திருக்கும் லட்சணம் இது என்று எழுதிக்கொண்டு போவதா? நான் முன் அறையைத் திறந்தேன். தெருவைப் பார்த்த பெரிய யன்னல், மகனுக்கென்று வாங்கிய புதுக் கட்டில், ரோசாப்பூப் போர்வை.

"திஸ் இஸ் தெயர் றூம்," என்றேன்.

அவள் செல்வமலரைப் பார்த்தாள். செல்வமலர் என்னைப் பார்த்தாள். பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. மூத்தவள் சுகந்தினிக்கு அப்போது ஏழு வயது. "அம்மா, இது எங்கடை..." என்று தொடங்கினாள். செல்வமலர் அவள் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யெஸ்," என்றாள் செல்வமலர்.

இவர்கள் வெளியேற வேண்டுமா என்றும் வந்தவள் என்னிடம் கேட்டாள். என் வீட்டிலிருந்து இன்றுவரை ஒருவரையும் போகச் சொன்னதில்லை என்றேன். வெள்ளைக்காரி இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இருக்க நல்ல இடம் இருக்கிறது, ஆகவே வீடற்றவர் இல்லை என்று. குருமூர்த்தி ஓடி வந்தான்.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! சரி, நடந்தது நடந்திட்டுது. பிழையான அறையைக் காட்டிப்போட்டன் எண்டு நான் எழுதிறன். நீங்கள் ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ."

"நான் பொய்யன் எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?"

"ஆர் அண்ணை அதைப் பாக்கப் போகினம்?"

"கவுன்சில்காரி பாப்பாள்."

குசினி வாசலில் நின்ற செல்வமலர் வாயைத் திறந்தாள். என் வீட்டில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். "அத்தான், ஒரு கையெழுத்துத்தானே."

"சோறு போட்டவன்ரை முகத்திலை கரி பூசப் பாக்கிறியோ?" என்றேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். நான் கையெழுத்துப் போடவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு என்ன தேவை?

ஆவணி பிறந்தது. மருமகளின் பெட்டிகள் வந்தன. செல்வமலர் இரண்டு பைகளோடும் இரண்டு பிள்ளைகளோடும் திரும்பவும் கவுன்சிலுக்குப் போனாள். நல்ல அறையைத் தானாக விட்டுவிட்டு வந்தவள், அது அவளுடைய குற்றம் என்று முடிவாயிற்று. ஒரு மாதம் ஒரு ஹோட்டல் அறையில் விட்டார்கள். அது முடிந்ததும், பிள்ளைகளை மட்டும் பொறுப்பெடுக்கலாம், தாய்க்கு இடமில்லை என்றார்கள். அவளும் என் வாசலுக்கு வராமல், பிள்ளைகளை ஒப்படைக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிள்ளைகள் எசெக்ஸ் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் சுருக்கு இறுகியது. வீடு கேட்டால், பிள்ளைகள் உன்னோடு இல்லை, ஆகவே உனக்கு முன்னுரிமை இல்லை என்றார்கள். பிள்ளைகளைக் கேட்டால், வைத்திருக்க வீடு இல்லை என்றார்கள். ஒரு மேசைக்கும் மற்ற மேசைக்கும் நாலு வருடம் நடந்தாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்த பியற்றிஸின் வீட்டு ஹோலில் படுத்தாள். சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்ப்பாள்.

தொண்ணூற்று நாலில் குருமூர்த்தி வழக்கறிஞர் பிடித்து ஒரு பிளாட் எடுத்துக் கொடுத்தான். பதினோராம் மாடி. இளையவள் தமிழ் மறந்து வந்தாள். சுகந்தினி வரவில்லை. வரமாட்டேன் என்று அவள் இங்கிலிஷில் சொன்னதைக் குருமூர்த்தி எனக்கு வந்து சொன்னான். "அது எங்கடை அறை இல்லை எண்டு சொல்ல வெளிக்கிட்டன். அம்மா என்னைக் கிள்ளிப்போட்டு யெஸ் எண்டு சொன்னவ."

போன வருடம் கோயில் திருவிழாவில் செல்வமலரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் மனைவிக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி, "லண்டனுக்கு வந்து முதல் எங்கை இருந்தனீங்கள்?" என்று அவளிடம் கேட்டாள்.

"அத்தான் வீட்டிலைதான்," என்றாள் செல்வமலர். "முன் அறை முழுக்க எங்களுக்குத்தான் தந்தவர். பெரிய யன்னல்."

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஓம்," என்றேன்.